மிலிட்டரி மேஸ்திரி: ஒரு சப்பர் கொத்தனாரின் வாழ்க்கையைத் தாளிலும் கல்லிலும் சரிபார்த்தது
(நிகழ்வு ஆய்வு)

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ‘மிலிட்டரி மேஸ்திரி’ என்று அழைக்கப்பட்டவர்கள் ஒரு தலைமுறையில் பலர் இருந்தார்கள். ராணுவத்தில் பொறியாளர் படையில் கொத்தனாராகவோ தச்சராகவோ இருந்து, பென்ஷனோடு மலைக்குத் திரும்பி, தடுப்புச்சுவரும் வீடும் கட்டிக்கொடுத்தே மறைந்தவர்கள். இங்கே வரும் மேஸ்திரி அவர்களில் பலருடைய தாள்களையும் சுவர்களையும் சேர்த்து அமைத்த மாதிரி ஆள். அதனால் பெயரும் ஊரும் வைக்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தின் பொதுச் செய்திகளும் சுவர்க் கணக்கும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்காகக் குடும்பம் எழுதிவைத்திருந்த முதல் வரி இது: “மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, சீனப்போரிலும் பங்களாதேஷ் போரிலும் போரிட்டு, ஊரில் இன்றுவரை ஒரு கல் அசையாத நூறு சுவர்களைக் கட்டியவர்.” இந்த ஒரு வரியில் ஐந்து தவறு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தாத்தா பாதி சொன்னார், மீதியைப் பிள்ளைகள் நிரப்பிக்கொண்டார்கள்.

படைப்பிரிவு

நீலகிரியில் பட்டாளம் என்றால் வெலிங்டன்தான் நினைவுக்கு வரும். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கே இருப்பதால், ராணுவத்தில் இருந்த எவரையும் ‘மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்’ என்று சொல்லிவிடுவது ஊர் வழக்கம். அந்த ரெஜிமெண்ட் காலாட்படை. மேஸ்திரி இருந்தது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதாவது பாலமும் பாதையும் போட்டுக் கண்ணிவெடி அகற்றும் மதராஸ் சப்பர்கள். தலைமையகம் பெங்களூரு. 1780-ல் இரண்டு கம்பெனி மதராஸ் பயனியர்களாகத் தொடங்கிய படை அது. ராணுவம் முழுக்க இவர்களுக்கு ‘தம்பி’ என்றுதான் பெயர். ‘ஜார்ஜ் கிராஸ்’ என்ற பிரிட்டிஷ் வீர விருதை இந்தியர்களில் முதன்முதலாக நேரடியாகப் பெற்றவரும் இந்தப் படைக்காரரே: 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன். குன்னூர் மலைப்பாதையின் முதல் தடத்தை 1830களின் தொடக்கத்தில் வெட்டியவர்களும் பயனியர் படையாட்கள்தாம். மேஸ்திரியின் தொழிலுக்கும் அந்த மலைக்கும் இருந்த தொடர்பு அவருக்கு முன்பே நூறு வருடத்துக்கு மேலாக இருந்தது. குடும்பத்தில் யாருக்கும் அது தெரியாது.

இந்தக் குழப்பத்தால் நடைமுறையில் என்ன கெடும்? காணாமல்போன தாள்களைக் கேட்டு வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதினால், அங்கே அவருடைய எண்ணே இருக்காது. சப்பரின் பதிவேடு பெங்களூருவில் இருக்கிறது. கடிதத்தில் முதலில் எழுதவேண்டியது படை எண், பிறகு பதவி, பிறகு பெயர். எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் பதில் வர வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அந்தத் தலைமுறையில் ஒரே பெயரில் எத்தனையோ பேர். இறப்புச் சான்றிதழ் நகலும், எழுதுகிறவர் அடுத்த வாரிசு என்பதற்கான சான்றும் கூட வைக்கவேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் படிவம் தவறாகிப்போகும் தொல்லை குறையும்.

எண்ணைத் தேடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. டிஸ்சார்ஜ் புக் (பணி முடிந்து வெளிவரும்போது தரும் பணிப்பதிவு), பென்ஷன் ஆணை, பதக்கத்தின் விளிம்பு. முதல் இரண்டும் கரையானுக்கும் மழைக்கும் போயிருந்தாலும் மூன்றாவது பெரும்பாலும் தப்பியிருக்கும். பதக்கத்தைத் திருப்பி, விளிம்பில் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் எண், பதவியின் சுருக்கம், பெயர் மூன்றும் பொறித்திருப்பது தெரியும். பளபளப்பாக்குகிறேன் என்று பிரஷும் பாலிஷும் போட்டுத் தேய்க்கக்கூடாது. முதலில் தேய்ந்துபோவது இந்த எழுத்துதான்.

பெயரில் இன்னொரு சிக்கல். தமிழ்ப் பெயரின் இனிஷியல் ராணுவத் தாளில் சில சமயம் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் விடுபட்டுப்போகும். அப்பா பெயர் நடுப்பெயராகவும் மாறியிருக்கும். ஆதாரில் ஒரு எழுத்துக்கோப்பு, பென்ஷன் ஆணையில் வேறொன்று என்றால் மனைவியின் குடும்ப ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். நினைவு மலரை விட இதைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும். மனைவி பெயரும் குழந்தைகள் பிறந்த தேதியும் பணிக்காலத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் பதிவாகியிருக்கும். திருத்தம் கேட்கும்போது அந்தப் பதிவைச் சுட்டினால் வேலை எளிது.

எந்தப் போர்

டிஸ்சார்ஜ் புக் சொன்னபடி மேஸ்திரி படையில் சேர்ந்தது 1963. சீனப்போர் 1962 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அந்தத் தோல்விக்குப் பிறகு ராணுவம் ஆள் எடுப்பதை வேகமாகக் கூட்டியது. ‘சீனாக்காரன் சண்டையிலதான் சேர்ந்தேன்’ என்று அவர் சொன்னதன் பொருள் அது. பேரப்பிள்ளைகள் காதில் அது ‘சண்டை போட்டேன்’ என்று விழுந்திருக்கிறது. 1962-க்கென்று தனிப் பதக்கம் கிடையாது. பொதுச் சேவைப் பதக்கத்தின் நாடாவில் ‘லடாக் 1962’ அல்லது ‘நேஃபா 1962’ (நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்ற பட்டை குத்தப்பட்டிருக்கும். அந்தப் பட்டை இல்லையென்றால், அந்தப் போரை அவர் பெயரோடு சேர்க்க வேறு வலுவான தாள் வேண்டும்.

தகரப் பெட்டியில் இருந்தவை: ரக்ஷா மெடல், சங்ராம் மெடல், பஷ்சிமி ஸ்டார், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், ஒன்பதாண்டு நெடுஞ்சேவைப் பதக்கம். ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்கிறது. ரக்ஷா மெடல் 1965 போரின்போது படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தந்தது. களத்தில் நின்றவர்களுக்குத் தந்தது சமர் சேவா ஸ்டார், அது பெட்டியில் இல்லை. சங்ராம் மெடலும் 1971-ல் பணியில் இருந்ததற்கான பொதுப் பதக்கம். முக்கியமானது பஷ்சிமி ஸ்டார். 1971 போரில் கிழக்கு முனைக்குத் தந்தது பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்கு பஷ்சிமி. ஆக மேஸ்திரி ‘பங்களாதேஷ் போரில்’ டாக்கா பக்கம் போகவே இல்லை. பஞ்சாப், ஜம்மு, ராஜஸ்தான் போன்ற மேற்கு எல்லைப் பகுதியில் எங்கோ இருந்திருக்கிறார்.

இங்கே உறவுக்காரர் ஒருவர் உற்சாகமாக ‘அப்படியென்றால் பசந்தர்’ என்று எழுதிவிட்டார். பசந்தர் ஆற்றுச் சண்டை மதராஸ் சப்பர்களின் பெருமைதான். 1971 டிசம்பர் நடுவில் ஷக்கர்கர் பகுதியில் 9-ஆம் இன்ஜினியர் ரெஜிமெண்ட் கண்ணிவெடி வயலைத் துளைத்து டாங்கிகளுக்குத் தடம் திறந்தது. மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கே உயிர்விட்டு மகாவீர் சக்ரா பெற்றார். ஆனால் பஷ்சிமி ஸ்டார் போர்முனையைத்தான் காட்டும், நின்ற இடத்தைக் காட்டாது. டிஸ்சார்ஜ் புக்கிலோ பழைய கடித உறையின் முகவரியிலோ ரெஜிமெண்ட் எண் கிடைக்கும்வரை ‘மேற்கு முனையில் பணியாற்றினார்’ என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதக்கூடாது. கிடைக்கவில்லை. எழுதவில்லை.

கொத்தனார் வேலையை அவர் படையில் கற்றதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் புக்கின் தொழில் பத்தியும் அதையே சொல்கிறது. ஆனால் சப்பருக்குக் கல் வேலையோடு வேறொன்றும் ஊறும்: ஆளையும் பொருளையும் எண்ணி நிறுத்துவது. பெய்லி பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்குகம்பி போட்டு எடுத்தால் தலைக்கு 43 கிலோ. ஐந்து பேர் என்றால் 52, மேட்டில் கால் வழுக்கும். கிரேன் இல்லாமல் கையாலேயே பூட்டிக் கழற்றும் பாலம் அது. எண்ணிக்கை தப்பினால் யாருக்காவது விரல் போகும். மேஸ்திரியின் சிட்டை நோட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரி ஆள் கணக்கு, இரண்டாவது வரி இறங்கிய கல், மூன்றாவதுதான் கூலி. மலையில் மற்ற மேஸ்திரிகளின் சிட்டையில் கூலிதான் முதலில் வரும்.

எந்தச் சுவர்

பதினைந்து வருடப் பணி முடித்து அவர் திரும்பிய காலம் 1978. அந்த வருடமும் அடுத்த வருடமும் வடகிழக்குப் பருவமழையில் நீலகிரியில் நிறைய இடங்களில் மண் சரிந்தது. அருவங்காடு தொழிற்சாலையில் காவல் வேலை, வங்கியில் துப்பாக்கி வேலை என்று முன்னாள் படைவீரர்கள் போகும் வழக்கமான வழியில் போகாமல் சுவர் வேலைக்கு அவர் இறங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை. வேலை வாசலில் வந்து நின்றது.

‘நூறு சுவர்’ என்பதைச் சரிபார்க்க சிட்டை, வீட்டு வரி ரசீது, வரைபட அனுமதி நகல் மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் தாளில் நிற்பது சில சுவர்கள்தாம். மற்றவை ‘இது அவர் கட்டினதுன்னு சொல்லுவாங்க’ வகை. அவற்றைக் கையால் அடையாளம் காணலாமா என்று பார்க்கவேண்டியிருந்தது. காணலாம், ஓரளவுக்கு.

ஒன்று, ஊடுகல். சுவரின் முன்முகத்திலிருந்து உள்ளே நீண்டு கட்டுமானத்தைச் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல். அவர் சுவர்களில் இது இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, வரிசையில் ஐந்தடிக்கு ஒன்று. முன்முகத்தில் சிறிய சதுரத் தலையாகத் தெரியும். மேல் வரிசையின் தலைகள் கீழ் வரிசைத் தலைகளுக்கு நடுவில் வரும். நூல் பிடித்துப் பார்த்தால் வரிசை ஒரு அங்குலம்கூட விலகாது.

இரண்டு, தண்ணீர் ஓட்டை. முதல் வரிசை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய், ஐந்தடிக்கு ஒன்று. வெளிப்பக்கம் அடிக்கு ஒரு அங்குலம் சாய்வு. பலர் குழாயை மட்டமாக வைத்துவிடுவார்கள். சிலர் உள்பக்கம் சாய்த்தே வைத்ததும் உண்டு. அது மழைநீரைச் சுவருக்குள் அழைத்துப்போகிற ஏற்பாடு. ஒரு குச்சியை உள்ளே விட்டு ரசமட்டம் வைத்தால் யார் கட்டியது என்று பாதி தெரிந்துவிடும்.

மூன்று, படுக்கை. மலைச் சுவரில் கல்லைக் கிடையாக வைப்பதை விட உள்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, முன்முகச் சாய்வுக்குச் செங்குத்தாக வைப்பதே சரி. அப்போது மண் தள்ளும்போது கல் வழுக்கி வெளியே வராது. இடுக்குகளில் சிமெண்டை அப்பி நிரப்பாமல் சில்லுக் கல்லைச் சுத்தியலால் அடித்து இறுக்கியிருக்கும். சிமெண்ட் 1:6 கலவைதான், ஆனால் கல்லைக் கல்தான் தாங்கும்.

இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ‘அவர் கை’ என்று குறித்தோம். இரண்டு மட்டும் இருந்தால் ‘அவர் பழக்கிய ஆள் கை’ என்று இருக்கலாம், விட்டுவிட்டோம். பட்டியல் நூறிலிருந்து வெகுவாக இறங்கியது. வீட்டில் கொஞ்சம் முகம் சுண்டியது.

சரிந்த சுவர்

‘ஒரு கல் அசையவில்லை’ என்பதும் உண்மையில்லை. 2009 நவம்பர் மழையில் ஒன்று விழுந்தது. அந்த மழை சாதாரணமானது அல்ல. நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஆனால் ‘மழை அப்படி’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சுவர் ஏன் விழுந்தது, பக்கத்துச் சுவர் ஏன் நின்றது என்பதற்குப் பதில் வராது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மேஸ்திரியின் வழக்கமான அளவு: பத்தடி உயரம், மேலே இரண்டடி அகலம், அடியில் ஐந்தடி, சாய்வு முன்முகத்தில். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுவரின் எடை சுமார் ஏழரை டன். பின்னால் உள்ள செம்மண் காய்ந்திருந்தால், அதன் உராய்வுக் கோணம் 30 பாகை, எடை கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால், தள்ளுவிசை மீட்டருக்கு 2.7 டன். அடித்தள உராய்வு எடையில் பாதி என்றால் கிட்டத்தட்ட 3.8 டன் வரை தாக்குப்பிடிக்கும். நிற்கும். இப்போது பின்னால் தண்ணீர் உச்சிவரை தேங்கட்டும். தண்ணீர் மட்டுமே 4.5 டன் தள்ளும், நனைந்த மண் இன்னொரு ஒன்றரை. ஆறு டன். கவிழ்வதற்கு எதிராக மயிரிழையில் நின்றாலும் அடியில் வழுக்கிவிடும். மலைச் சுவரை வீழ்த்துவது பெரும்பாலும் மண்ணை விடத் தேங்கிய தண்ணீர்தான். ஐந்தடியை ஆறடி ஆக்குவதை விட நான்கு அங்குல ஓட்டையைத் திறந்து வைப்பது மலிவு.

விழுந்த சுவரில் நடந்தவை வரிசையாக இப்படி. வீடு கைமாறியது. புதியவர் மேலே மூன்று வரிசை ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தி முற்றத்தை மண் போட்டு நிரப்பினார். முற்றத்தில் கான்கிரீட் போட்டார், ஆனால் வாட்டம் சுவர்ப் பக்கம். குளியலறைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் ஊறவிடப்பட்டது. கடைசியாகப் பெயிண்ட் அடிக்குமுன் முன்முகத்தைப் பூசியபோது ஓட்டைகளும் பூசப்பட்டன. அழகாக இருந்திருக்கும். மழைக்கு இரண்டு வருடம் முன்பே நடுவில் தொப்பை விழுந்து பூச்சில் கிடை விரிசல் ஓடியதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். தொப்பை கண்டால் பெரும்பாலும் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அன்றே ஓட்டைகளைக் குத்தித் திறந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

ஆனால் பழி முழுவதையும் வீடு வாங்கியவர் மேல் போட முடியாது. இடிபாட்டில் வெட்டிப் பார்த்தபோது சுவருக்குப் பின்னால் உடைகல் அடுக்கே இல்லை. தோண்டிய செம்மண்ணையே திரும்பக் கொட்டியிருந்தார்கள். ஓட்டை ஒரே வரிசைதான். சிட்டைப்படி அது அவர் ஊருக்கு வந்து கட்டிய முதல் சில சுவர்களில் ஒன்று. பிந்திய சுவர்களில் பின்புறம் ஒன்று முதல் ஒன்றரை அடி வரை உடைகல், மேலே ஒரு அடி களிமண் மூடி, சுவர்த்தலைக்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் எல்லாம் வந்துவிட்டன. பாலமும் பாதையும் போடும் படை அவருக்குக் கல்லை அடுக்கக் கற்றுத்தந்தது. குன்னூர் மழை மீதியைச் சொல்லிக்கொடுத்தது. 1993 நவம்பரில் மரப்பாலம் சரிவுக்குப் பிறகு எழுதிய சிட்டைகளில் உடைகல் ஜல்லிக்குத் தனிக் கணக்கு வருகிறது, அதற்கு முன் இல்லை.

அவர் பிந்தைய கணக்கின்படி பத்தடி உயரத்தில் பத்தடி நீளச் சுவருக்கு வேண்டியது: மேல்கட்டுக்கு 350 கன அடி, இரண்டடி ஆழம் ஆறடி அகல அஸ்திவாரத்துக்கு 120. கூடுதல் 470, அதாவது 4.7 யூனிட். ஆனால் லாரியில் இறங்கும் யூனிட்டில் காற்றும் உண்டு. ஆறு யூனிட் சொன்னால்தான் கடைசி வரிசைக்குக் கல் மிஞ்சும். பின்புற உடைகல் இன்னும் ஒன்றரை யூனிட். ‘ஜல்லி மண்ணுக்குள்ள போறதுதானே, எதுக்கு’ என்று வீட்டுக்காரர் கேட்பது இந்த ஒன்றரை யூனிட்டைத்தான். விலை பேசும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான். சிட்டையில் இரண்டு இடத்தில் ‘ஜல்லி வேண்டாம் என்றார், வேலை வேண்டாம் என்றேன்’ என்று இருக்கிறது.

கல்லில் வெட்டியது

மலருக்கு எழுதிய வரி மாறியது. நினைவுக்கல்லுக்கும் அதே வரி: படை எண், ஹவில்தார், பெயர், மதராஸ் சப்பர்கள், 1963–1978, மேற்கு முனை 1971, கொத்தனார். ‘வீரர்’, ‘தியாகி’ இரண்டும் எடுக்கப்பட்டன. தியாகி என்பது அரசு ஆவணங்களில் வேறு பொருள் கொண்ட சொல். சும்மா வெட்டினால் பின்னால் யாராவது கேட்பார்கள்.

குன்னூர் ஈரத்தில் சிமெண்ட் எழுத்து நான்கைந்து மழைக்குள் பாசி பிடித்து உதிர ஆரம்பிக்கும். கருப்பு கிரானைட்டில் ஆழமாக வெட்டி, உள்ளே பெயிண்ட் நிரப்பாமல் விட்டால் பாசி வந்தாலும் எழுத்து நிற்கும். சுத்தம் செய்ய மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். ஆசிட் வைத்தால் மெருகு போய் அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். கல்லைச் சுவரோரம் சாய்க்காமல் தனியாக, மேல்பக்கம் கொஞ்சம் பின்வாட்டமாக, தண்ணீர் தேங்காதபடி நிறுத்தவேண்டும்.

பெரிய மகள் மட்டும் சீனப்போரை எடுத்ததற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ‘அப்பா பொய் சொல்லமாட்டார்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதும் டிஸ்சார்ஜ் புக்கிலேயே இருக்கிறது என்று காட்டியபின் அமைதியானார். ஆனாலும் மலரின் பின் அட்டையில், சிறிய எழுத்தில், ‘சீனப்போரை அடுத்துப் படையில் சேர்ந்தார்’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

பட்டியலில் மிஞ்சிய சுவர்கள் ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, ஓட்டைகளின் எண்ணிக்கை, அடைந்தவை எத்தனை என்று ஒரு தாள். புரட்டாசி முடியுமுன் நீளக் கம்பி விட்டு ஓட்டைகளைக் குத்திப் பார்க்கும் வேலை இளைய பேரனுக்கு. முதல் வருடம் அவன் குறித்தது: வீட்டுக்குப் பின்சுவரில் பதினான்கு ஓட்டை, அடைந்தது மூன்று, ஒன்றில் எலிக்கூடு.